மீன் படாத வலை

லூக்கா நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தை மதுரையில் உட்கார்ந்து கேட்பது வேறு. ராமேசுவரம் தீவில் எங்கள் மீனவ ஊரான தங்கச்சிமடத்தில் கேட்பது வேறு. அங்கே அது ஓர் அற்புதத்தின் கதை. இங்கே அது தொழில் விவகாரம். கோயிலுக்குள் இடம் இருந்தாலும் வாசலுக்கு வெளியே கைகட்டி நின்றே பூசை காண்கிற ஆண்கள் எங்கள் கத்தோலிக்கப் பங்கில் நிறைய. மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம் தொடங்கியதும் அவர்களில் பாதிப் பேர் மரத்தடிக்குப் போய்விடுவார்கள். பேதுருவின் வலை வாசிக்கப்படும் அன்று மட்டும் யாரும் நகர்வதில்லை. பேதுரு அவர்களுக்குப் புனிதர் ஆவதற்கு முன்பே ஒரு டிரைவர். விசைப்படகை ஓட்டுகிறவரை இங்கே அப்படித்தான் சொல்வோம். அவர் செய்தது சரியா என்று சொல்ல இவர்களுக்கு உரிமை உண்டு.

இரவு முழுவதும் கடலில் கிடந்து ஒன்றும் படாமல் கரைக்கு வந்தவர்கள் வலையை அலசிக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்குத் தொழில் முடிந்தது என்று அதற்குப் பொருள். கெனசரேத்து ஏரியில் அக்காலத்து வலைகள் நார் நூலால் ஆனவை. பகல் வெளிச்சத்தில் மீனின் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் இரவுத் தொழில். அப்படியிருக்க, நாசரேத்துத் தச்சர் ஒருவர் படகில் ஏறி உட்கார்ந்து, பட்டப்பகலில் ஆழத்துக்குப் போய் வலையைப் போடு என்கிறார். பேதுரு உடனே தலையாட்டவில்லை. "இரவு முழுவதும் நாங்கள் பாடுபட்டு உழைத்தும் ஒன்றும் கிடைக்கவில்லை" என்று முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறார். பிறகுதான் "ஆயினும் உமது சொற்படியே" என்று வருகிறது. வெளியே நிற்கும் ஆண்களுக்கு இந்த வரிசை பிடிக்கும். தெரிந்ததைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு போகிறவனை அவர்கள் நல்ல தொழிலாளி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பிரசங்கம் பெரும்பாலும் அதற்கு அடுத்த வரியில்தான் சூடு பிடிக்கும். வலை கிழிகிற அளவுக்கு மீன். இரண்டு படகும் மூழ்கும் நிலை. கீழ்ப்படிந்தால் நிறையும் என்று சாமியார் முடித்துவிடுவார். ஒருமுறை பூசை முடிந்து வெளியே வந்ததும் என் அண்ணன் கேட்டார்: "அந்த மீனை யார் விற்றார்கள்?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பதினோராம் வசனத்தைப் பார்த்தேன். படகுகளைக் கரையில் சேர்த்துவிட்டு, அனைத்தையும் விட்டுவிட்டு அவரைப் பின்பற்றினார்கள். வாழ்நாளிலேயே பெரிய மீன்பாடு கரையில் கிடக்கிறது. விலை பேசி முடிப்பதற்குள் ஆளைக் காணோம். முதல் கீழ்ப்படிதல் கொண்டுவந்ததை இரண்டாவது கீழ்ப்படிதல் கரையிலேயே விட்டுவிட்டுப் போகச் சொல்லிவிட்டது. இதை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

துன்பத்தில் கடவுளை நம்ப வேண்டும் என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம்பாதவர் கடலில் இறங்க முடியாது. படகின் முகப்பில் சிலுவை, ஓட்டுகிற அறையில் அந்தோணியார் படம், கடல்நீரைத் தொட்டு நெற்றியில் ஒரு சிலுவை அடையாளம். என் வழக்கு நம்பிக்கையோடு அல்ல. அதைப் பற்றி நாம் பேசும் விதத்தோடு. செபக்கூட்டங்களில் சாட்சி சொல்ல அழைக்கிறார்கள். எழுந்து வருகிறவர்கள் எல்லோரும் கதை நல்லபடியாக முடிந்தவர்கள். நோய் வந்தது, செபித்தேன், போய்விட்டது. கடன் இருந்தது, உபவாசம் இருந்தேன், இன்று மாடி வீடு. கதை இன்னும் முடியாதவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து அல்லேலூயா சொல்கிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகளைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். எங்கள் கத்தோலிக்க அருங்கொடைக் கூட்டங்களிலும் இதே கதைதான். இங்கே பாட்டுகள் கொஞ்சம் மெதுவாக இருக்கும், அவ்வளவே.

இந்தச் சாட்சிகளுக்கு ஆதாரமாக அடிக்கடி வாசிக்கப்படுவது எபிரேயர் திருமுகத்தின் 11ஆம் அதிகாரம். நோவா, ஆபிரகாம், மோசே என்று விசுவாசிகளின் நீண்ட வரிசை. சிங்கத்தின் வாயை அடைத்தவர்கள், தீயின் உக்கிரத்தைத் தணித்தவர்கள், வாளுக்குத் தப்பியவர்கள் என்று 34ஆம் வசனம் வரை வெற்றியாகவே போகும். வாசிப்பவர் பெரும்பாலும் அங்கே நிறுத்திவிடுவார். 35இன் நடுவில் காற்று மாறுகிறது. வேறு சிலர் வதைக்கப்பட்டார்கள். சிலர் கல்லெறியுண்டார்கள், அறுக்கப்பட்டார்கள், வாளால் மடிந்தார்கள். ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு குகைகளில் அலைந்தார்கள். தப்பியவர்களுக்கு விசுவாசம் அதிகம், மடிந்தவர்களுக்குக் குறைவு என்று அந்தத் திருமுகத்தில் ஒரு சொல் இல்லை. இரண்டு கூட்டத்தையும் ஒரே மூச்சில் சொல்லி, இவர்கள் எல்லோரும் விசுவாசத்தால் நற்சான்று பெற்றவர்கள், ஆனால் வாக்களிக்கப்பட்டதை இவர்களில் யாரும் பெறவில்லை என்று முடிக்கிறது. கூட்டங்களில் எழுந்து சாட்சி சொல்ல யாராவது அழைக்க வேண்டியவர்கள் அந்த "வேறு சிலர்"தான்.

என் அப்பத்தா அந்த வேறு சிலரில் ஒருவர். தனுஷ்கோடிக்காரி. இன்று சுற்றுலாப் பயணிகள் நின்று படம் எடுத்துக்கொள்ளும், பவளக்கல் சுவர்கள் மட்டும் மிஞ்சிய தேவாலயத்தில்தான் அவருக்குத் திருமணம் நடந்தது. 1964 டிசம்பர் 22 இரவு புயலோடு கடல் ஊருக்குள் வந்தது. கிறிஸ்துமஸ் மூன்று நாளில். பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் தனுஷ்கோடி நிலையத்தை எட்டுவதற்குள் அலையில் போனது. ரயில் நிலையம், தபால் நிலையம், கோயில், தெருக்கள் எல்லாம் ஓர் இரவில் முடிந்தன. பிறகு அது மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. அந்த இரவில் அப்பத்தாவின் கையிலிருந்து ஒரு பிள்ளை போனது. என் அப்பாவுக்கு மூத்தவள்.

தங்கச்சிமடத்துக்கு வந்து குடியேறிய பிறகு, அப்பத்தா சாகும்வரை இரண்டு காரியங்களில் மாறவில்லை. அந்த இரவைப் பற்றி யாராவது "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்றால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்; சொன்னவர் பங்குச்சாமியாராக இருந்தாலும் சரி. விடியற்காலைப் பூசையையும் அவர் தவறவிட்டதில்லை. மழைக்கும் வாடைக்கும் முக்காடு போட்டுக்கொண்டு போய்விடுவார். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி இருக்க முடியும் என்று கல்லூரியில் படித்த காலத்தில் அவரிடமே கேட்டேன். "அவரோடு சண்டை போட வேண்டுமென்றால் அவர் வீட்டுக்குத்தானே போக வேண்டும்" என்றார்.

இறையியல் படித்தவர்கள் எழுதியதை அதன் பிறகு கொஞ்சம் வாசித்திருக்கிறேன். இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதாக நினைவில்லை. திருப்பாடல்களிலேயே அதற்கு இடம் இருக்கிறது. 13ஆம் பாடல் தொடங்கிய இரண்டே வசனங்களில் "எத்தனை நாள்" என்று நான்கு முறை கேட்கிறது. அது கடைசியில் புகழ்ச்சிக்குத் திரும்பிவிடும். 88ஆம் பாடல் அந்தச் சலுகையும் தருவதில்லை. இருளில் தொடங்கி இருளிலேயே நின்றுவிடும். ஆனாலும் அது செபம்தான். கடவுளை விளித்துத்தான் அத்தனையும் சொல்லப்படுகிறது. முதுகைத் திருப்பிக்கொண்டு போகிறவர் இப்படிப் பாட மாட்டார்.

என் கணவர் மாரடைப்பில் இறந்த வாரத்தில் வீட்டுக்கு வந்தவர்களில் இரண்டு வகை இருந்தார்கள். திண்ணையில் வந்து உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல், நேரமானதும் காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனவர்கள் ஒரு வகை. அவர்களுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். இன்னொரு வகையினர், கடவுள் தமக்குப் பிடித்த பூவைத்தான் சீக்கிரம் பறிப்பார் என்றார்கள். விவிலியத்தில், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்தார்கள். அதுவரை எல்லாம் சரியாகவே போனது. கடைசி அதிகாரத்தில் கடவுள் அவர்கள்மேல் சினம் கொள்கிறார். தமக்காக வாதாடியவர்களைப் பார்த்து, என் ஊழியன் யோபு பேசியதுபோல் நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். கடவுளையே நீதிமன்றத்துக்கு இழுத்தவர் யோபு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த வசனத்தை வாசிக்க வேண்டும்.

நம்பிக்கையைப் பற்றி இவ்வளவு போதும். கீழ்ப்படிதல்தான் எனக்கு அதிகமாக உறுத்துகிறது. துன்பத்தில் கடவுளைப் பற்றிக்கொள்வதில் ஓர் ஆறுதல் இருக்கிறது; பற்றிக்கொள்ள வேறு எதுவும் இல்லாதபோது பற்றிக்கொள்கிறோம். கீழ்ப்படிதலில் அப்படியில்லை. துன்பம் இல்லாத இடத்துக்கு அது துன்பத்தைக் கூட்டிக்கொண்டு வரும். என் அண்ணன் வீட்டில் நடந்தது அதுதான்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் வடகடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாக் நீரிணையை ஒட்டிய இந்தக் கடல் ஆழம் குறைந்தது, ஒடுக்கமானது. கரையை ஒட்டிய பகுதி நாட்டுப்படகுகளுக்கு என்று 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் ஒதுக்கியது. 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் போட்ட எல்லைக்கோடு மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே விசைப்படகுகளுக்கு மிஞ்சுவது ஒரு கீற்று. ராமேசுவரத்தில் மட்டும் நூற்றுக்கணக்கில் விசைப்படகுகள். இலங்கையில் போர் நடந்த காலத்தில் அந்தக் கரைத் தமிழ் மீனவர்கள் கடலில் இறங்கத் தடை இருந்தது. கடல் காலியாகக் கிடந்தது. எங்கள் படகுகள் போய்ப் பழகின. 2009இல் போர் முடிந்து அவர்கள் மறுபடியும் வலையோடு கடலுக்கு வந்தபோது எங்கள் படகுகள் அங்கே இருந்தன. அவர்களுடையது சிறிய படகு, நிற்கிற வலை. எங்களுடையது அடிமட்டத்தை வாரிக்கொண்டு வருகிற இழுவை மடி. ஒரு படகு கடந்து போனால் அவர்களுடைய பல நாள் வலை துண்டு துண்டாகிவிடும். 2017இல் இலங்கை இழுவை மடியையே தடை செய்தது; அடுத்த ஆண்டு வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தியது. எல்லை தாண்டிப் பிடிபடுவது எங்கள் பக்கத்தில் செய்தியாக வருகிறது. அறுபட்ட வலை செய்தியாக வருவதில்லை.

அண்ணன் ஒரு விசைப்படகில் டிரைவர். படகு சொந்தமல்ல, முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தார், இங்கே எல்லோரையும்போல. ஓர் இரவில் எல்லைக்கு அப்பால் பிடிபட்டார்கள். படகு போனது. சில வாரங்கள் சிறை. மதினி செபமாலையும் கையுமாகக் கிடந்தார்; தங்கச்சிமடம் முழுவதும் நவநாள் செய்தது. மீண்டும் பிடிபட்டால் தண்டனையை அனுபவிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு நீதிமன்றம் விடுவித்தது. அவர் வீடு வந்து சேர்ந்தபோது வேட்டு வெடித்தோம். இதுவரை சொன்னால் அருமையான சாட்சி. தெருக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் மதினியை அழைத்துச் சொல்லவும் வைத்தார்கள்.

பிறகு வந்த தவக்காலத்தில் அண்ணன் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போனார். போர்க்காலத்தில் பல ஆண்டுகள் நின்றுபோயிருந்த திருவிழா அது. இரண்டு கரை மக்களும் கடவுச்சீட்டு இல்லாமல் சந்திக்கும் ஒரே இடம். வெள்ளிக்கிழமை மாலை கொடியேற்றம், சிலுவைப்பாதை. இரவு மணலில் படுக்கை. மறுநாள் காலை திருவிழாப் பூசையோடு புறப்பாடு. சிலுவைப்பாதையில் அண்ணனுக்குப் பக்கத்தில் நடந்தவர் அந்தக் கரைக்காரர். செபம் முடிந்து பேச்சுக் கொடுத்திருக்கிறார்கள். அவருக்கும் மூன்று பிள்ளைகள், அவருக்கும் அந்தோணியார். போர் முடிந்து கடன் வாங்கிப் போட்ட வலை, ஓர் இரவில் எங்கள் பக்கத்துப் படகு இழுத்துப் போய்விட்டது என்றார். அண்ணன் தேதி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பயன் இல்லை. அப்போது அவர் போகாத வாரம் எது? அந்த மனிதர் கோபமாகப் பேசவில்லையாம். தன் பையில் இருந்த பனங்கட்டியை எடுத்துப் பிட்டுக் கொடுத்தாராம். அதை வாங்கித் தின்றேன், அதுதான் தாங்க முடியவில்லை என்று அண்ணன் சொன்னார்.

அவர் ஒன்றும் தரிசனம் கண்டதாகச் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் குடித்ததைச் சொல்லியிருக்கிறேன், சண்டையைச் சொல்லியிருக்கிறேன், இதைச் சொன்னதே இல்லை, யாரும் கேட்டதும் இல்லை என்று மட்டும் சொன்னார். திரும்பி வந்து, இழுவை மடிக்கு இனிப் போவதில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில் என் ஊர்க்காரர்களுக்காக ஒரு சொல். எல்லை தாண்டுகிறவர்கள் எல்லோரையும் திருடர்கள் என்று எழுதுவது எளிது. சென்னையில் உட்கார்ந்து பலர் எழுதுகிறார்கள். எல்லைக்கோட்டைப் போட்டது மீனவர்கள் அல்ல. இழுவைப் படகு வாங்கச் சொல்லி மானியம் கொடுத்தது ஒரு காலத்து அரசு. ஆழ்கடல் தொழிலுக்கு மாறுங்கள் என்று 2017இல் திட்டம் கொண்டுவந்தார்கள். 80 லட்சம் ரூபாய்ப் படகுக்கு 70 சதவீதம் மானியம். மீதியைப் போட வசதி வேண்டும்; விட்டுக்கொடுக்கச் சொந்தமாக ஒரு பழைய இழுவைப் படகும் இருக்க வேண்டும். முன்பணம் வாங்கிய கூலித் தொழிலாளிக்கு அந்தத் திட்டத்தில் வாசல் இல்லை. இத்தனையும் உண்மை. இத்தனையும் அண்ணனுக்குத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும். பேதுருவைப்போல் அவரும் கணக்கைச் சொல்லிவிட்டுத்தான் "ஆயினும்" என்றார்.

அதற்குப் பிறகு வலை கிழிய மீன் பட்டதா என்று கேட்டால், இல்லை. முதலாளி முன்பணத்தைக் கேட்டார்; அவருடைய படகும் போயிருக்கிறது, அவரையும் குறை சொல்ல முடியாது. மதினியின் சங்கிலி போனது. அண்ணன் இப்போது உறவினர் ஒருவரின் நாட்டுப்படகில் நண்டு வலை போடுகிறார். சோழகக் காற்று அடித்தால் பல நாள் கரையிலேயே. வருமானம் பழையதில் பாதிகூட இல்லை. மூத்தவள் ராமநாதபுரத்தில் என் வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போகிறாள். இளையவன் விரும்பிய படிப்பு கிடைக்கவில்லை, பணம்தான் காரணம். மதினி விடியும் முன் எழுந்து நண்டு உடைக்கும் கம்பெனிக்குப் போகிறார். விரல் நுனியெல்லாம் கீறல். வலைத்தளத்தில் அழகாக எழுத வசதியான கீழ்ப்படிதலாக இது எனக்குத் தெரியவில்லை.

தெருவில் பேச்சு வேறு. சிறைக்குப் பயந்துவிட்டான் என்றார்கள். இன்னும் சிலர், நீ ஒருவன் போகாவிட்டால் கடல் அடிமட்டம் நிறைந்துவிடுமா, உன் இடத்தில் இன்னொருவன் ஏறிக்கொண்டான் என்றார்கள். அது உண்மை. மறுநாளே ஏறிக்கொண்டார்கள். விளைவைக் காட்டி இந்தக் காரியத்தை நியாயப்படுத்த அண்ணனிடம் ஒன்றும் இல்லை; அதனால்தான் இதைக் கீழ்ப்படிதல் என்கிறேன். பலன் தெரிந்து செய்வது வியாபாரம். அதிலும் தவறில்லை, ஆனால் அதற்கு விசுவாசம் தேவைப்படாது.

மதினியிடம் ஒருநாள், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். நண்டுக் கீறலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்: "உங்கள் அண்ணனுக்கு ஆண்டவர் உள்ளத்தில் சொன்னாராம். எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே வீட்டில்தானே இருக்கிறோம்."

அன்றிலிருந்து ஓரியூரை வேறு விதமாகப் பார்க்கிறேன். எங்கள் மாவட்டத்தின் பெரிய திருத்தலம் அது, திருவாடானைப் பக்கம். லிஸ்பனில் 1647இல் பிறந்து, இங்கே வந்து அருளானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்ட ஜான் தெ பிரிட்டோ அடிகளார் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட இடம். அந்த மண் இன்றும் சிவந்திருக்கிறது. திருப்பயணிகள் பொட்டலம் கட்டி எடுத்துப்போகிறார்கள். அவரைப் பற்றிச் சொல்லும்போது அந்தச் சிவந்த மண்ணில் வந்து நின்றுவிடுகிறோம். அதற்கு முன்னால் நடந்ததுதான் என்னை அதிகம் பாதிக்கிறது. 1686இல் இதே சேதுச் சீமையில் பிடிபட்டு வதைபட்டு, இனி இங்கே போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு விடப்பட்டவர் அவர். தம் இயேசு சபையின் வேலையாக லிஸ்பனுக்குப் போனார். இளமையில் அரண்மனையில் உடன் வளர்ந்த இரண்டாம் பேத்ரு அப்போது அரசர். அங்கேயே தங்கிவிடச் சொன்னார். தங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1690இல் திரும்பி வந்துவிட்டார். என்ன நடக்கும் என்று தெரியாமல் வந்தவர் அல்ல.

அவருடைய கதையில் இன்னொரு கீழ்ப்படிதல் இருக்கிறது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். தடியத்தேவர் என்ற மறவர் குலத் தலைவர் திருமுழுக்குப் பெற விரும்பினார். பல மனைவியர் இருந்தார்கள். ஒருத்தியைத் தவிர மற்றவர்களை விலக்க வேண்டும் என்பது நிபந்தனை. விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் இளையவள், ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவள் அரண்மனைக்குப் போய் முறையிட்டாள். அதிலிருந்துதான் அருளானந்தரின் கைதும் ஓரியூரும். சின்ன வயதிலிருந்து இந்தக் கதையில் அவள் எங்களுக்கு வில்லி. திருவிழா நாடகங்களில் கண்ணை உருட்டிக்கொண்டு வருவாள். மதினி சொன்னதைக் கேட்ட பிறகு, அந்தப் பெண்ணின் பக்கமிருந்து நினைத்துப் பார்த்தேன். ஒருநாள் காலையில் கணவன் வந்து, எனக்கு ஆண்டவர் சொல்லிவிட்டார், நீ போகலாம் என்கிறான். அவளிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அருளானந்தரின் புனிதத்தைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. அவர் கொல்லப்படுவதற்கு முந்தைய நாள் சிறையிலிருந்து தம் சபையினருக்கு எழுதியதன் துணிவு எனக்குக் கனவிலும் வராது. ஆனால் கீழ்ப்படிதலைப் பற்றி நாம் எழுதும்போதெல்லாம் அது ஒற்றை ஆளின் வீரச் செயலாக வந்துவிடுகிறது. மகனைப் பலியிட ஆபிரகாம் மலைக்குப் புறப்பட்ட காலையில் சாராவிடம் என்ன சொன்னார் என்று தொடக்கநூல் சொல்லவில்லை. படகுகளை விட்டுப் போன அன்று பேதுருவின் மாமியார் என்ன சொன்னார் என்று லூக்காவும் சொல்லவில்லை; இத்தனைக்கும் முந்தைய அதிகாரத்தில்தான் அந்த அம்மாளின் காய்ச்சல் குணமாகியிருந்தது.

கடவுளின் மகனே கீழ்ப்படிதலைத் துன்பங்கள் வழியாகக் கற்றுக்கொண்டார் என்கிறது எபிரேயர் திருமுகம். பிடிபடும் முன் கெத்சமனித் தோட்டத்தில் அவர் கேட்டது கிடைக்கவில்லை. துன்பக் கிண்ணம் அகலவில்லை. நமக்கு ஆகும் என்று உறுதி சொல்லும் எந்தச் செபக்கூட்டமும் அந்தத் தோட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. அங்கே தூங்கிப்போன சீடர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். மகதலா மரியாவும் மற்றப் பெண்களும் அன்றிரவு எங்கே இருந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மறுநாள் சிலுவையடியிலும் மூன்றாம் நாள் கல்லறையிலும் அவர்கள்தான் இருந்தார்கள். கீழ்ப்படிய வேண்டும் என்று அவர்களிடம் தனியாக யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வந்து நின்றார்கள்.

இந்த ஆண்டு ஏப்ரல் 15இல் வழக்கம்போல் 61 நாள் தடைக்காலம் தொடங்கியது. விசைப்படகுகளைக் கரையேற்றி, பலகை மாற்றி, சாயம் அடித்து முடிக்கிற நேரம். ஜூன் 14 முடிந்தால் மறுபடியும் டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்கு. முதலாளிகள் ஆள் பிடிக்கத் தொடங்குவது அந்தச் சமயத்தில்தான். அண்ணனைப்போல் கடல் தெரிந்த டிரைவருக்கு இன்னமும் கிராக்கி உண்டு. வேறொரு முதலாளி கைப்பேசியில் அழைத்தார். அண்ணன் அப்போது கடலில். நண்டு வலை எடுக்கப் போயிருந்தார். மதினி எடுத்துப் பேசினார். முன்பணமாகச் சொன்ன தொகை, சங்கிலியை மீட்டு, பையனையும் கல்லூரியில் சேர்க்கப் போதும்.

அவர் வர மாட்டார் என்று மதினி சொல்லிவிட்டார். அண்ணனைக் கேட்காமல்.

விஷயம் தெரிந்ததும் தொலைபேசியில் கூப்பிட்டு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். பிடிபட்டால் இந்தத் தடவை தண்டனை, யார் போய் மனு எழுதுவது என்றார். நண்டுக்கு விலை பரவாயில்லை என்றார். போன முறை போல் தெருவே வந்து வாசலில் உட்கார்ந்தால் எல்லோருக்கும் காபி போட என்னால் ஆகாது என்றார். பிறகு, அந்தப் பனங்கட்டி கொடுத்த மனிதருக்கு எத்தனை பிள்ளைகள் என்று உங்கள் அண்ணன் சொன்னார் என்று என்னிடம் கேட்டார். மூன்று என்றேன். "ஆமாம், மூன்று" என்றார்.

அதற்குள் கம்பெனி வேன் வந்துவிட்டது என்று வைத்துவிட்டார். குழுக் கடன் தவணை இந்த மாதம் என்னுடைய முறை. அதை வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும்.